வகைமை என்னும் வாக்குறுதி: ஹியூ ஹௌவியின் நாவல்களும் வாசகர் தீர்ப்பும்

மரபான பதிப்புலகில் இலக்கிய முகவரும் பதிப்பாசிரியரும் விற்பனைப் பிரிவினரும் நாளிதழ் மதிப்புரையாளரும் பகிர்ந்து செய்யும் பணிகளில் பெரும்பகுதியை, தம் நூலைத் தாமே வெளியிடும் எழுத்தாளருக்கு வாசகர் கருத்தே செய்து தருகிறது. நூலைப் பிறர் கண்ணில் படச் செய்வதும், குறைகளைச் சுட்டுவதும், அடுத்து எதை எழுதினால் படிக்க ஆளிருக்கும் என்று உணர்த்துவதும் அதன் பொறுப்பாகிவிடுகின்றன. இத்தகைய எழுத்தாளர் ஒரே வகைமையில் நிலைத்து நிற்கும்வரை இந்த ஏற்பாடு பெரிய இடர்ப்பாடின்றி நடக்கிறது. அறிவியல் புனைகதை, திகில் கதை, காதல் கதை, இளையோர் சாகசக் கதை என்றவாறு ஒரே விதமான கதைப்போக்கையும் முடிவையும் மனநிலையையும் எதிர்பார்க்க வைக்கும் நூல்களின் தொகுதியையே திறனாய்வாளர்கள் வகைமை என்கின்றனர். ஒரே பெயரில் பல வகைமைகளில் எழுதுபவரின் நூல்களுக்கு வரும் கருத்துகளைப் படிப்போர், அவை நூலின் தரத்தைப் பற்றிப் பேசுகின்றனவா, அல்லது வாசகர் கையில் எடுத்தபோது எதிர்பார்த்த வேறொரு நூலைப் பற்றிப் பேசுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹியூ ஹௌவியின் நூல்கள் பெற்ற வரவேற்பு இதனை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற களமாகும்.

ஹௌவி பல ஆண்டுகள் உல்லாசப் படகுகளின் மாலுமித் தலைவராகப் பணியாற்றியவர். பின்னர் வட கரோலினா மாநிலத்தின் பூன் நகரில் உள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அவருடைய முதல் நாவலான மாலி ஃபைட் வரிசையின் தொடக்க நூலை 2009-இல் சிறு பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. அதன் பிறகு அவர் தாமே வெளியிடும் வழியைத் தேர்ந்தெடுத்தார். 2011 ஜூலையில் 'வூல்' என்ற நெடுஞ்சிறுகதையை அமேசானின் சுயபதிப்புச் சேவையின் வழியாக 99 சென்ட் விலையில் மின்னூலாக வெளியிட்டபோது, அதற்கென அவர் பெரிய விளம்பரம் எதுவும் செய்யவில்லை. மண்ணுக்கடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தளங்கள் கொண்ட ஒரு குதிருக்குள் மனிதர் அடைபட்டு வாழ்கின்றனர். வெளியே செல்ல விரும்புவதாகச் சொல்வதே அங்கே மிகப் பெரிய குற்றம். அவ்வாறு சொன்னவரை வெளியே அனுப்பி, வெளியுலகைக் காட்டும் கருவியின் கண்ணாடியைத் துடைக்க வைத்துச் சாகவிடுவதே தண்டனை. ஷெரீஃப் ஹோல்ஸ்டன், மூன்றாண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்று இறந்த மனைவியின் பாதையில் தாமும் செல்ல முடிவெடுப்பதில் தொடங்கும் கதை, அவருடைய சாவில் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் வாசகர் கருத்து முதன்முறையாகப் படைப்பின் அமைப்புக்குள் நுழைந்தது. கதையைப் படித்தவர்கள் எழுதிய மதிப்புரைகளில் பாராட்டோடு ஒரு கோரிக்கையும் திரும்பத் திரும்ப வந்தது: அந்தக் குதிரின் உலகைப் பற்றி இன்னும் எழுதுங்கள் என்பதே அது. 2011 இறுதியில் ஹௌவி தொடர்ச்சிகளை எழுதத் தொடங்கினார். 2012 ஜனவரிக்குள் ஐந்து பகுதிகளும் சேர்ந்து ஒரு முழு நாவலாகத் தொகுக்கப்பட்டன. ஆனால் முதல் பகுதியின் நாயகன் ஏற்கெனவே இறந்துவிட்டதால், தொடர்ச்சி வேறொருவரின் தோளில் ஏற வேண்டியிருந்தது. இரண்டாம் பகுதியில் மேயர் ஜான்ஸும் துணை ஷெரீஃப் மார்ன்ஸும் குதிரின் படிக்கட்டுகளில் நெடுந்தூரம் இறங்கி ஏறும் பயணம் மையமாகிறது; அதன் பின்னரே கீழ்த்தளங்களில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஜூலியட் கதையின் நடுவிடத்துக்கு வருகிறாள். எந்தப் பாத்திரமும் எந்த நேரத்திலும் இறக்கக்கூடும் என்ற பதற்றம் இந்நாவலின் சிறப்பாகப் பலராலும் பாராட்டப்படுகிறது. அந்தப் பதற்றம், முற்றுப்பெற்ற ஒரு கதையை வாசகர்கள் முற்றுப்பெறவிடாமல் தடுத்ததன் விளைவு என்பதை மறந்துவிடலாகாது. திட்டமிட்ட நாவலாசிரியர் ஒருவர் தம் முதன்மைப் பாத்திரத்தை ஐம்பது அறுபது பக்கங்களுக்குள் கொன்றுவிட்டு வேறொரு நாயகியைத் தேட மிகவும் தயங்குவார்.

அடுத்து நிகழ்ந்தது, சுயபதிப்பின் வரலாற்றில் பலமுறை எடுத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சியாகும். 20-ஆம் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 2012-இல் திரைப்பட உரிமையைப் பெற்றது; ரிட்லி ஸ்காட் அதில் ஆர்வம் காட்டினார். சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் அச்சு உரிமையை மட்டும் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. மின்னூல் உரிமை எழுத்தாளரிடமே இருந்தது. 2013 மார்ச்சில் அச்சுப் பதிப்பு கடைகளுக்கு வந்த வேளையில், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றுவிட்டதாகவும், அமேசானில் 5,000-க்கும் அதிகமான மதிப்புரைகள் சேர்ந்துவிட்டதாகவும் அமெரிக்க நாளிதழ்கள் எழுதின. பெரும் பதிப்பகம் ஒன்று தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்து அத்தகைய ஒப்பந்தத்துக்கு இசைந்ததற்கு அந்த மதிப்புரைகளே பெருமளவு காரணம். எந்த முகவரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் இல்லாத வலிமை, பணம் கொடுத்துப் படித்து முடித்த ஆயிரக்கணக்கானோரின் எழுத்துக்கு இருந்தது.

இந்த வெற்றியை மட்டும் பார்ப்பவர்கள், வாசகர் கருத்து எப்போதும் நல்ல படைப்பைக் கண்டுபிடித்துவிடும் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். ஹௌவியின் மற்ற நூல்களுக்கு வந்த கருத்துகளைச் சேர்த்துப் படித்தால் அந்த முடிவு நிற்பதில்லை. அவர் எழுதியவற்றின் பரப்பு பெரிது. மாலி ஃபைட் வரிசை விண்வெளிப் பயிற்சிப் பள்ளி மாணவி ஒருத்தியின் உற்சாகமான சாகசக் கதை. 2010-இல் வந்த 'ஹாஃப் வே ஹோம்', தொலைதூரக் கோள் ஒன்றில் குடியேற்றப்படவிருந்த இளைஞர்கள் பயிற்சி பாதி முடிந்த நிலையில், பதினைந்து வயதில், தீயின் நடுவே விழித்தெழுவதைச் சொல்கிறது. 'தி ஹரிக்கேன்' அறிவியல் புனைகதையே அன்று. புயல் மின்சாரத்தையும் இணையத்தையும் அறுத்துப்போட்ட ஊரில் ஒரு பையனின் தற்கால வாழ்க்கை அது. 2012-இல் வந்த 'ஐ, ஸோம்பி' கடுமையான திகில் நாவல். 'சாண்ட்' மணற்கடலுக்கடியில் மூழ்கிப் பழைய நகரங்களைத் தேடும் ஒரு குடும்பத்தின் கதை. 'பீக்கன் 23' போரால் மனம் சிதைந்த ஒருவன் விண்வெளிக் கலங்கரை விளக்கம் ஒன்றில் தனித்திருப்பதைப் பற்றியது. 2014 இறுதியில் வந்த 'தி ஷெல் கலெக்டர்' கடல் உயர்ந்து சிப்பிகள் அரிதாகிவிட்ட எதிர்காலத்தில், பெண் செய்தியாளர் ஒருவருக்கும் எண்ணெய்ச் செல்வக் குடும்பத்து வாரிசு ஒருவருக்கும் இடையே மலரும் காதல் கதை.

இந்நூல்களுக்கு வந்த பாதகமான கருத்துகளில் ஒரு கணிசமான பகுதி, நூலில் இல்லாத ஒன்றைக் கேட்கும் கருத்துகளாகும். 'வூல்' முத்தொகுதியின் இரண்டாம் நூலான 'ஷிஃப்ட்' முன்கதையைச் சொல்வதால் அதில் ஜூலியட் ஏறத்தாழ இல்லை. அவளுக்காகவே நூலை வாங்கியவர்களின் ஏமாற்றம் கருத்துகளில் நன்கு தெரிகிறது. குதிர்கள் ஏன் கட்டப்பட்டன என்ற கேள்விக்கு விடை தேடிவந்தவர்களோ அதே நூலை முத்தொகுதியின் மிகச் சிறந்த பகுதி என்கின்றனர். 'ஐ, ஸோம்பி' அருவருப்பான வருணனைகள் கொண்டது என்று வாங்குவோரை முன்னதாகவே எச்சரித்து வெளியிடப்பட்ட நூல். இருந்தும் 'வூல்' தந்த நம்பிக்கையில் அதைத் திறந்தவர்களில் சிலர் பாதியில் மூடிவிட்டதாக எழுதினர். 'தி ஷெல் கலெக்டர்' நூலைப் பற்றிக் குறைகூறியவர்களின் மையக் கருத்து, அறிவியல் புனைகதை வேடத்தில் காதல் கதை வந்துவிட்டது என்பதாகும். வழக்கமாகக் காதல் நாவல் படிப்பவரிடம் இந்த வாக்கியமே ஒரு பாராட்டாக ஒலிக்கக்கூடும்.

இத்தகைய நிலையை விளக்குவதற்கு ஜெர்மானிய இலக்கியக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967-இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் முன்வைத்த கருத்தாக்கம் இன்றும் பயன்படுகிறது. ஒரு நூலைத் திறக்கும் வாசகர், முன்பு படித்த நூல்களும் அறிந்த வகைமைகளும் சேர்ந்து உருவாக்கிய எதிர்பார்ப்பு எல்லை ஒன்றோடு வருகிறார் என்றும், அந்த எல்லைக்கும் நூலுக்கும் இடையேயுள்ள தொலைவே அந்நூலின் முதல் வரவேற்பை நிர்ணயிக்கிறது என்றும் அவர் கூறினார். இதற்கு நடைமுறைச் சான்றாக ஜேனிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வைக் கொள்ளலாம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரே புத்தக விற்பனையாளரின் பரிந்துரையை நம்பிக் காதல் நாவல்கள் படித்த பெண்களிடம் உரையாடிய ராட்வே, அவர்கள் நல்ல நாவலையும் மோசமான நாவலையும் தெளிவான அளவுகோல்களால் பிரித்தார்கள் என்றும், மகிழ்ச்சியான முடிவு இல்லாத நூலை அவர்கள் தம் வகைமைக்கு உரியதாகவே ஏற்கவில்லை என்றும் கண்டார். இலக்கியத் திறனாய்வு நெடுங்காலம் தரமற்றவை என்று ஒதுக்கிய நூல்களின் வாசகிகளை மதித்து, அவர்களுடைய அளவுகோல்களைப் பொறுமையாகக் கேட்டறிந்த அந்த ஆய்வின் நேர்மை, வாசகர் கருத்தை ஆராயப் புகும் எவருக்கும் முன்மாதிரியாகும். அங்கே மீறக்கூடாத விதியாக இருந்த மகிழ்ச்சியான முடிவு, திகில் நாவலில் ஒரு குறையாகவே கருதப்படலாம். ஆகவே ஒரு வகைமையின் வாசகர் மற்றொரு வகைமை நூலுக்குத் தரும் நட்சத்திரங்கள், இரண்டு அளவுகோல்களைக் கலந்து அளந்த அளவாகவே அமைகின்றன.

நட்சத்திர மதிப்பீடு, அதாவது ஒன்று முதல் ஐந்து வரை எண்ணால் தரும் தீர்ப்பு, இன்னும் சில காரணங்களாலும் நம்பிக்கைக்குரிய அளவாக இருப்பதில்லை. குட்ரீட்ஸ் என்னும் வாசகர் தளத்தில் இரண்டு நட்சத்திரம் பரவாயில்லை என்றும் மூன்று நட்சத்திரம் பிடித்தது என்றும் பொருள்படும். அமேசானிலோ மூன்று நட்சத்திரமே பாதகமான கருத்துகளின் வரிசையில் வைக்கப்படுகிறது. ஒரே வாசகர் ஒரே நூலுக்கு இரண்டு இடங்களிலும் நேர்மையாகத் தரும் எண்கள் வேறுபடக்கூடும் என்பதே இதன் விளைவு. 2008-இல் சின்சின் லி, லோரின் ஹிட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, நூல் வெளிவந்த உடனே வாங்குவோர் ஏற்கெனவே அந்த எழுத்தாளரை விரும்புகிறவர்களாக இருப்பதால் தொடக்க மதிப்பீடுகள் உயர்ந்தும், பின்னர் பொது வாசகர் வரவரத் தாழ்ந்தும் செல்லும் போக்கை எடுத்துக்காட்டியது. தொடர் நூல்களில் இதற்கு எதிரான விசை ஒன்று வேலை செய்கிறது: முதல் நூலை விரும்பாதவர் மூன்றாம் நூல்வரை வருவதில்லையாதலால், கடைசிப் பாகங்களின் சராசரி, தரம் உயராமலேயே உயரக்கூடும். 'வூல்' முத்தொகுதியின் கடைசி நூலான 'டஸ்ட்' பெற்ற அன்பான வரவேற்பை மதிப்பிடும்போது, அதைத் தொட்டவர்கள் 'வூல்', 'ஷிஃப்ட்' என்னும் இரண்டு சல்லடைகளைக் கடந்து வந்தவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

புகழும் மதிப்பீட்டைக் குறைக்கும் என்பது, முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றினாலும், ஆய்வில் உறுதிப்பட்ட ஒன்றாகும். பலாஸ் கோவாச், அமாண்டா ஷார்க்கி ஆகியோர் 2014-இல், பெரிய இலக்கியப் பரிசுகளை வென்ற நூல்களையும் இறுதிச் சுற்றுவரை வந்து வெல்லாமல் போன நூல்களையும் ஒப்பிட்டு, 38,000-க்கும் மேற்பட்ட வாசகர் மதிப்புரைகளை ஆராய்ந்தனர். பரிசு அறிவிக்கப்பட்ட பின் வென்ற நூல்களின் வாசகர் மதிப்பீடு மற்றவற்றைவிட மிகுதியாகச் சரிந்ததைக் கண்டனர். பரிசின் பெயரால், அந்த நூலின் சுவைக்குப் பொருந்தாத வாசகரும் அதை நாடி வந்ததே முக்கியமான காரணம் என்று அவர்கள் விளக்கினர். 'வூல்' கதைக்கும் இது பொருந்தும்: 99 சென்ட் கொடுத்து எதிர்பாராமல் ஒரு நல்ல கதையைக் கண்டெடுத்த 2011-ஆம் ஆண்டு வாசகரும், உலகப் புகழ்பெற்ற நாவல் என்று கேள்விப்பட்டு அச்சு நூலின் முழு விலையைக் கொடுத்த 2013-ஆம் ஆண்டு வாசகரும், அந்நாவலைத் தழுவி 2023 மே மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்புச் சேவையில் 'சைலோ' என்ற பெயரில் வெளிவந்த தொடரில் ரெபெக்கா ஃபெர்குசனின் நடிப்பைப் பார்த்துவிட்டு நூலுக்கு வந்த வாசகரும் ஒரே சொற்களைப் படித்தாலும் ஒரே நூலைப் படிப்பதில்லை. இம்மூவரின் எண்களையும் கூட்டி வகுத்துக் கிடைக்கும் சராசரியால் இவர்களில் எவருடைய வாசிப்பையும் அறிய முடியாது.

பாதகமான கருத்து எவ்வளவு தீங்கு செய்யும் என்பதிலும் சுயபதிப்பாளரின் நிலை வேறு. ஜூடித் ஷெவாலியே, டினா மேஸ்லின் ஆகியோரின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு, ஐந்து நட்சத்திரக் கருத்து விற்பனையை உயர்த்துவதைக் காட்டிலும் ஒரு நட்சத்திரக் கருத்து அதைத் தாழ்த்தும் வலிமை அதிகம் என்று காட்டியது. ஆனால் ஜோனா பெர்கரும் உடனாய்வாளர்களும் 2010-இல் நியூயார்க் டைம்ஸ் மதிப்புரைகளை ஆராய்ந்து, பாதகமான மதிப்புரை புகழ்பெற்ற எழுத்தாளரின் விற்பனையை ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்ததையும், அறியப்படாத எழுத்தாளரின் விற்பனையை ஏறத்தாழ 45 சதவீதம் உயர்த்தியதையும் கண்டனர். அறியப்படாதவருக்கு முதல் தேவை, தம் நூல் இருக்கிறது என்ற செய்தி பரவுவதே என்பது இதன் விளக்கம். கருத்துகளின் நம்பகத்தன்மை குலைவதும் இத்தகைய தீங்கே. காசுக்குக் கருத்து எழுதித் தரும் வணிகம் 2012-இல் அமெரிக்க நாளிதழ்களில் அம்பலமானபோது சுயபதிப்பு உலகம் முழுவதன் மீதும் ஐயம் விழுந்ததும், அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2024-இல் பொய்க் கருத்துகளைத் தடைசெய்து விதி வகுத்ததும் நேர்மையாக எழுதிய ஆயிரக்கணக்கானோருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் தொடர்விளைவுகளாகும்.

வகைமை மாறும் எழுத்தாளர்கள் வாசகரின் எதிர்பார்ப்பு பொய்த்துப்போகும் சிக்கலிலிருந்து தப்பப் பெரும்பாலும் பெயரை மாற்றிக்கொண்டனர். ஸ்காட்லாந்தின் இயன் பேங்க்ஸ் தம் அறிவியல் புனைகதைகளுக்கு 1987 முதல் பெயரின் நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ் 1995 முதல் எதிர்காலத் துப்பறியும் கதைகளை ஜே. டி. ராப் என்ற பெயரில் எழுதுகிறார். வாசகருக்குத் தவறான வாக்குறுதி கொடுக்காதிருப்பதால் இது நேர்மையான ஏற்பாடே. ஹௌவி எல்லாவற்றையும் ஒரே பெயரில் வெளியிட்டார். விற்பனைக் கணக்கில் இது இழப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் வாசிப்பு வரலாற்றுக்கு இது பெரிய வரவாகும். ஏனெனில், ஒரே எழுத்தாளரின் பின்னால் வகைமை எல்லைகளைத் தாண்டி நடந்த வாசகர்களின் கருத்துகள் இதனால் கிடைத்திருக்கின்றன.

வாசகர் கருத்து எழுத்தாகவே மாறிய இடமும் இங்கு உண்டு. குதிரின் உலகைக் களமாகக் கொண்டு வாசகர்கள் சொந்தக் கதைகள் எழுதி விற்றுக்கொள்ள ஹௌவி அனுமதித்தார். 2013-இல் தொடங்கப்பட்டு 2018-இல் மூடப்பட்ட, இத்தகைய கதைகளை விற்க அமேசான் நடத்திய கிண்டில் வேர்ல்ட்ஸ் திட்டத்திலும் அந்த உலகம் இடம்பெற்றது. முதற்கதையின் முடிவை ஏற்க மறுத்து இன்னும் எழுதுமாறு கேட்டவர்களுக்கு, தாங்களே எழுதிக்கொள்ளும் உரிமை இவ்வாறு கிடைத்தது. 'சாண்ட்' சட்டென்று முடிந்துவிடுகிறது, அந்தக் குடும்பத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்று சொல்லவில்லை என்ற குறைக்கோ விடை வர நீண்ட காலம் ஆயிற்று. 'அக்ராஸ் தி சாண்ட்' 2022-இல்தான் வெளிவந்தது. வாசகர் கேட்டதும் எழுதுபவர் என்ற படிமம் ஹௌவிக்கு முழுமையாகப் பொருந்தாது என்பதற்கு அந்த இடைவெளியே சான்று.

எல்லை தாண்டிய வாசகர்களின் கருத்துகளே ஆய்வுக்கு மிகுந்த பயன் தருபவை. 'வூல்' படித்துவிட்டு அதைப் போன்ற மற்றொன்றைத் தேடியவர் அது கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். ஐந்தாறு நூல்களைப் படித்தவரோ எழுத்தாளரை அவரோடேயே ஒப்பிடத் தொடங்குகிறார். அத்தியாயங்கள் குறுகியவை, ஒவ்வொன்றும் அடுத்ததைத் திறக்கவைக்கும் இடத்தில் நிற்கின்றன, துயரத்தை எழுதும்போது இவர் கை தேர்ந்திருக்கிறது என்பன போன்ற கவனிப்புகள் அவரிடமிருந்துதான் வருகின்றன. அவ்வாறு சேர்த்துப் படித்தால் வகைமைகளுக்கு அடியில் ஓடும் ஒற்றைக் கரு புலப்படுகிறது. 'வூல்' நாவலின் மக்கள் குதிருக்குள் அடைபட்டிருக்கின்றனர். 'ஹாஃப் வே ஹோம்' நாவலின் இளைஞர்கள் தங்களை ஆளும் இயந்திர அறிவின் மறைபொருளுக்குள் அடைபட்டிருக்கின்றனர். 'பீக்கன் 23' நாயகன் தன் கலங்கரை விளக்கத்துக்குள். சிலர் பாதியில் மூடிவைத்த 'ஐ, ஸோம்பி' நாவலில், நோயால் மாறிவிட்ட மனிதரின் நினைவு முழுவதும் விழித்திருக்க, உடல் அதன் ஆணைக்கு அடங்காமல் பிறரைக் கடித்துத் தின்கிறது. அங்கே சிறை மனிதரின் சொந்த உடலே. உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் அடைபட்டிருக்கும் மனத்தை ஹௌவி இதைவிடக் கொடுமையாக வேறெங்கும் எழுதியதில்லை. திகில் என்ற வகைமைப் பெயரைத் தாண்டி அந்நாவலை முடித்த வாசகர்கள் சிலர், 'வூல்' எழுதிய அதே எழுத்தாளரை அதில் கண்டுகொண்டதாகப் பதிவு செய்கிறார்கள். நட்சத்திரச் சராசரி அக்கருத்துகளை மற்றவர்களின் வெறுப்போடு கலந்து கரைத்துவிடுகிறது. 2019 முதல் அமேசான் சொல் எதுவும் எழுதாமல் ஒரே தொடுகையில் நட்சத்திரம் மட்டும் தரும் வசதியை ஏற்படுத்திவிட்டதால், எண்ணோடு காரணத்தையும் விட்டுச்செல்லும் வாசகரின் விகிதம் அதற்குப் பின் வந்த நூல்களில் குறைந்துகொண்டே செல்கிறது. 'அக்ராஸ் தி சாண்ட்' நாவலைக் குறித்து வருங்கால ஆய்வாளர் தேடும்போது, 2011-இல் 'வூல்' சிறுகதையின் கீழே வாசகர்கள் எழுதிவைத்த அளவுக்குச் சொற்கள் கிடைப்பது அரிது.